யானைக்காலும் சுயமரியாதையும்

(கும்பகோணத்திற்கு அருகில் ஒரு கிராமத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நான் மேடைக்கு வந்ததும் முதல் காரியமாக இந்த மேஜையை அப்புறப்படுத்தச் சொன்னேன். பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் சபையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது நம் பக்கத்தில் மரியாதைக் குறைவு. அதை நான் அறியாதவன் அல்ல. ஆனால் இன்று நான் பேச வந்த விஷயமே என்னுடைய இடது கால்தான். விஷயத்தை மேஜைக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசினால் அது நாணயமாகாது. ஆகவே தயவு செய்து பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முன்வரிசையில் இருக்கும் சில தோழர்கள் என் காலைப் பார்த்துவிட்டு மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். திருப்ப வேண்டியதில்லை. நன்றாகப் பாருங்கள். இது யானைக்கால். இந்தக் காவேரிப் படுகையில் இதைப் பார்க்காதவர் யாரும் இல்லை. நமது ஜில்லாவுக்கே இதனால் ஒரு கெட்ட பெயர் உண்டு. வெளியூர்க்காரர்கள் இதைக் "கும்பகோணத்துக் கால்" என்று கேலி பேசியதை நம் பாட்டன் காலத்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். மலையாளத்துக் கரையிலோ இதற்குக் "கொச்சிக் கால்" என்று பெயர். எந்த ஊரில் சாக்கடை நின்றதோ அந்த ஊரின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இப்போது வயது 45. படிப்பு எட்டாவது வகுப்போடு சரி. நான் வைத்தியன் அல்ல. நான் சொல்லப் போகும் வைத்தியச் சங்கதிகள் எல்லாம் நூல்நிலையத்தில் படித்தும், டாக்டர்களை விடாமல் கேட்டும் தெரிந்துகொண்டவை. என் 17-வது வயதில் முதல் முதல் எனக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டி, பல் கிட்டும்படியான குளிர் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் போய்விட்டது. பிறகு நாலைந்து மாதத்திற்கு ஒருமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் கால் வீங்கும், வடியும். 2001-ம் வருஷத்தில் வீங்கிய கால் வடியவில்லை. அன்று முதல் அது இப்படியே என்னுடன் இருந்து வருகிறது.

வடியவில்லை என்றதும் வீட்டில் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? என் தாயார் காதிலிருந்த தோட்டை அடகு வைத்து, வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு கால் வாங்கிக்கொண்டு போய்க் கோயில் உண்டியலில் போட்டார்கள். எந்தக் கோயில் என்று கேட்க வேண்டாம். கோயில் வாசலில் கடை பரப்பிக் கண், கை, கால், வயிறு என்று வெள்ளியில் விற்பது உங்களுக்கெல்லாம் தெரிந்த வியாபாரம். ஆறு மாதம் பார்த்தார்கள். கால் பெருத்ததே தவிரச் சிறுக்கவில்லை. முதல் தகடு மெல்லிசாகப் போய்விட்டது, அதனால்தான் பலிக்கவில்லை என்று ஒரு ஜோசியர் சொன்னார். இன்னொரு கால், சற்றுக் கனமானது, போட்டார்கள். தோடு திரும்பி வரவேயில்லை.

தோழர்களே! அந்த இரண்டு வெள்ளிக் கால்களையும் நான் கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டும் மெலிந்து, வழுவழுவென்று, விரல்கள் வரிசையாக அமைந்த அழகான கால்கள். என்னுடைய காலைப் போல ஒரு காலை எந்த ஆசாரியும் அடிப்பதில்லை. காணிக்கையாகப் போடுவதற்குக்கூட நம் கால் லாயக்கில்லை, வேறு எவருடைய காலையோதான் போட வேண்டியிருக்கிறது என்று அந்த வயதிலேயே எனக்குப் பட்டது. என் தாயாரை நான் குற்றம் சொல்லவில்லை. பிள்ளை நொண்டக்கூடாதென்று ஒரு தாய் தன் காதை மூளியாக்கிக் கொண்டாள். அந்த அன்பைத் தகடு போட்டு விற்கிறவர்களைப் பற்றித்தான் எனக்கு ஆத்திரம்.

நிற்க, இந்தக் கால் எனக்கு ஏன் வந்தது என்பதற்கு ஊரில் சொன்ன காரணங்களைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். போன ஜென்மத்தில் பெற்ற தாயை உதைத்தவன் என்றார் ஒருவர். பசுவை உதைத்தவன் என்றார் இன்னொருவர். என் தகப்பனார் வரப்பில் பாம்பை மிதித்துக் கொன்றதை நினைவுபடுத்தினார் மற்றொருவர். ஆக உதைத்தது யார், உதைபட்டது யார் என்பதில்தான் தகராறே ஒழிய, உதைத்தது நிச்சயம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை! இது இந்து மதத்தின் சொத்து மாத்திரம் என்று நினைக்கவேண்டாம். 16-ம் நூற்றாண்டில் கோவாவில் சில வருஷங்கள் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் தம் பிரயாணப் புஸ்தகத்தில் இந்தக் காலைப் பற்றி எழுதியிருக்கிறார். மயிலாப்பூரில் தோமையார் என்ற கிறிஸ்தவப் பெரியவரைக் கொன்றவர்களின் வம்சத்தாருக்குத்தான் இப்படி ஒரு கால் யானைக்கால் போலப் பெருத்துவிடும் என்று அந்நாளில் சொல்லிக்கொண்டார்களாம். ஆகவே பசுவை உதைத்தாலும் இதே கால், தோமையாரைக் கொன்றாலும் இதே கால்! இரண்டு மதத்துக் கடவுள்களும் கலந்து பேசிக்கொண்டு ஒரே தண்டனையை வைத்துக்கொண்டார்கள் போலும்.

இத்தனைக்கும், நம் பழைய வைத்தியர்களில் கண்ணைத் திறந்து பார்த்தவர்கள் இல்லாமல் போகவில்லை. சுஸ்ருதர் பெயரால் வழங்கும் வைத்திய நூலில் இந்த நோய்க்கு ஸ்லீபதம் என்று பெயர். பழைய தண்ணீர் தேங்கிக் கிடக்கும் குளிர்ந்த தேசங்களில் இது அதிகம் என்று அதில் சொல்லியிருக்கிறது. தேங்கின தண்ணீரைப் பார்த்த அந்த வைத்தியர் இன்னும் சற்றுக் குனிந்து பார்த்திருந்தால் கொசுவைப் பார்த்திருப்பார். கொசுவுக்குள் இருக்கும் புழுவைக் காணத்தான் பூதக்கண்ணாடி வேண்டும், அது அவரிடம் இல்லை. ஆனால் பூதக்கண்ணாடி வந்து இத்தனை வருஷமான பிறகும் நாம் பசுவையும் பாம்பையும் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு என்ன சமாதானம் சொல்வது?

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள் கண்டது இதுதான். 1866-ல் பிரேசில் தேசத்தில் வூக்கரர் என்ற டாக்டர் ஒரு நோயாளியின் மூத்திரத்தில் மிகச் சிறிய புழுக்களைக் கண்டார். 1872-ல் கல்கத்தாவில் லூயிஸ் என்ற டாக்டர் அதே புழுவை மனிதரின் ரத்தத்தில் கண்டார். 1876-ல் ஆஸ்திரேலியாவில் பாங்க்ராப்ட் என்பவர் தாய்ப்புழுவைக் கண்டார். நூல் மாதிரி இருக்கும், பெண் புழு சுமார் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம். 1877-ல் சீனாவில் அமாய் துறைமுகத்தில் இருந்த மேன்சன் என்ற டாக்டர், இந்த நோயுள்ள தன் வேலைக்காரரைக் கடித்த கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்து, புழு கொசுவுக்குள் வளர்வதைக் கண்டார். ரத்தத்தில் இந்தக் குஞ்சுப் புழுக்கள் ராத்திரியில்தான் மேலே வருகின்றன, கொசு கடிக்கும் நேரமும் அதுதான் என்பதையும் அவரே கண்டு சொன்னார். நம் ஊரில் சுகாதார இலாகாக்காரர்கள் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்ததும், திருடன் என்று நாய்களை ஏவிவிட்டதும் சில பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காரணம் இதுதான்.

இதில் ஒரு விசேஷம் பாருங்கள். அந்த மேன்சன் ஒரு பெரிய தப்பும் செய்தார். கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்குப் புழு போகிறது என்று நினைத்தார். 1900-ல் லோ என்ற இன்னொரு டாக்டர், புழு கொசுவின் மூக்குக் குழாயிலேயே வந்து காத்திருப்பதைக் கண்டு, கடிப்பதால்தான் தொத்துகிறது என்று காட்டினார். குருவின் தப்பை ஒருவர் இருபத்துமூன்று வருஷத்திற்குள் திருத்தினார். குருவும் ஒப்புக்கொண்டார். பசுவை உதைத்த கதையைத் திருத்த எத்தனை யுகம் ஆகியும் ஒருவரும் வரவில்லையே!

ஆகவே சங்கதி இவ்வளவுதான். சாக்கடையிலும் தேங்கின அழுக்குத் தண்ணீரிலும் பெருகுகிற ஒரு ஜாதிக் கொசு, ஒருவர் ரத்தத்திலிருந்து புழுவை எடுத்து மற்றொருவருக்குக் கொடுக்கிறது. ஒரு கடியில் வந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கடிபட வேண்டும். புழு நம் உடம்பில் நிணநீர் ஓடுகிற குழாய்களில் குடியிருந்துகொண்டு அவைகளைக் கெடுத்துவிடுகிறது. வடிகால் அடைபட்ட வயல் மாதிரி, நீர் கீழே காலில் தங்குகிறது. கொசு கடிக்கு முன் யாருடைய ஜாதகத்தையும் பார்ப்பதில்லை. வலை போட்டுப் படுக்கிற மாடி வீட்டுக்காரனைவிட, திண்ணையிலும் களத்திலும் படுக்கிற கூலிக்காரனை அதிகம் கடிக்கும் என்பது வாஸ்தவம். அது கொசுவின் பாவபுண்ணியக் கணக்கல்ல, வலையின் விலை.

இதுவரை சொன்னது நமக்குச் சௌகரியமான பங்கு. இனிமேல் சொல்லப்போவது பகுத்தறிவுக்காரனுக்கும் கசக்கக்கூடியது.

இந்தப் புழுவுக்கு மருந்து உண்டு. டைஎதில்கார்பமசின் என்ற மருந்து 1947 முதல் தெரிந்ததுதான். அது ரத்தத்தில் உள்ள குஞ்சுப் புழுக்களைக் கொல்லும், தாய்ப்புழுக்களில் ஒரு பகுதியையும் கொல்லும். மருந்து இல்லாவிட்டாலும் தாய்ப்புழு ஆறு முதல் எட்டு வருஷத்தில் தானே செத்துப்போகும். ஆனால் கெட்டுப்போன குழாய் திரும்பி வராது. ஆரம்ப வீக்கமானால் கவனிப்பில் குறையலாம். நாள்பட்டுப் பெருத்துத் தோல் தடித்துப்போன கால், மாத்திரையால் பழைய காலாக ஆகாது. என் காலில் இன்று ஒரு புழு உயிரோடு இருக்குமா என்பதே சந்தேகம். திருடன் போய்விட்டான், இடிந்த சுவர் இருக்கிறது.

இதை முதல் முதல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாள் எனக்குச் சொன்னபோது எனக்கு அவர் மீது வந்த கோபம், ஜோசியர் மீதுகூட வந்ததில்லை. ஏனென்றால், வெள்ளிக் காலை விட்டுவிட்டு விஞ்ஞானத்தைப் பிடித்துக்கொண்ட நான், விஞ்ஞானத்தினிடத்திலும் ஒரு புதுக் காலைத்தான் எதிர்பார்த்தேன். தருகிறேன் என்றவன் ஜோசியன், தரமுடியாது என்றவர் டாக்டர். இதில் யார் யோக்கியர் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யத் தெரிந்த எனக்கு, என் சொந்தக் காலென்று வந்தபோது தெரியவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம், நோட்டீசு பார்த்து எண்ணெய்க்காரன், மூலிகைக்காரன், கட்டு கட்டுகிறவன் என்று அலைந்தேன். ஒருவன் காலில் கீறி நீரை வடித்தால் சரியாகும் என்று கீறிவிட்டான். அதில் சீழ் பிடித்து ஒரு மாதம் கிடந்தேன். கோயிலில் போனது ஒரு ஜோடித் தோடு. இதில் போனது அதைவிட அதிகம்.

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்திலெல்லாம் நான் மேடை ஏறிப் பேசிக்கொண்டுதான் இருந்தேன். கர்மம் இல்லை, பூர்வ ஜென்மம் இல்லை, மனிதனுக்கு மானமும் அறிவும் அழகு என்றெல்லாம் முழங்கினேன். எப்படிப் பேசினேன்? வேட்டியைத் தரையில் புரளும்படி இறக்கிக் கட்டிக்கொண்டு, மேஜைக்குப் பின்னால் நின்று பேசினேன். மேஜை இல்லாத ஊருக்குப் போகமாட்டேன் என்று உடம்பு சரியில்லையென்று கடுதாசி எழுதினதும் உண்டு. ஆற்றில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துக் குளித்தேன். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் கடைசி இலை. குடும்பப் படம் எடுத்தால் நான்தான் எல்லோருக்கும் பின்னால். என் மனைவி காலுக்கு எண்ணெய் தடவ வந்தால் விளக்கை அணைக்கச் சொன்னவன் நான்.

பத்து வருஷத்திற்கு முன் மாயவரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பேசி முடித்து இறங்கினேன். நடவுக்குப் போய்விட்டு நேரே கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு அம்மாள் என்னிடம் வந்தார்கள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார்கள். இரண்டு காலும் யானைக்கால். சேறுகூடக் காயவில்லை. "தம்பி, நீங்க பேசினதெல்லாம் சரிதான். கர்மம் இல்லேன்னீங்க, நானும் இல்லேன்னுதான் நெனைக்கிறேன். அப்ப எதுக்குத் தம்பி வேட்டிய இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே பேசினீங்க?" என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் வரவில்லை. "உங்களுக்கு வெட்கமாக இல்லையா அம்மா?" என்று நான்தான் திருப்பிக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாத கேள்வி. அந்த அம்மாள், "வெட்கப்பட்டுக்கிட்டு வீட்ல உட்கார்ந்தா யாரு தம்பி கூலி கொடுக்கிறது? ரெண்டு காலையும் வச்சுக்கிட்டுத்தான் மூணு புள்ளைங்களக் கட்டிக் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, நேரமாயிற்று என்று போய்விட்டார்கள். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரி பஸ் இல்லாமல் ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தபோது யோசித்துப் பார்த்தேன். நான் கர்மத்தை வாயால் மறுத்துவிட்டேன். ஆனால் வேட்டியை இழுத்து மூடுகிற என் கை மாத்திரம் கர்மத்தை நம்பிக்கொண்டே இருந்தது. இந்தக் கால் எந்தப் பாவத்தின் சின்னமும் அல்ல என்று நான் மெய்யாகவே நம்பினால், மறைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? கொசு கடித்த தழும்பை யாராவது மறைக்கிறார்களா?

உடனே ஒரு ஆட்சேபணை வரும். "ஐயா, கால் இப்படித்தான் இருக்கும் என்று ஒப்புக்கொள்வதும், தலையெழுத்து என்று ஒப்புக்கொள்வதும் ஒன்றுதானே? நீர் விதி என்ற பெயரை மாத்திரம் மாற்றிவிட்டீர்" என்று. சாதாரண ஆட்சேபணை அல்ல இது. நானே எனக்குப் பல நாள் சொல்லிக்கொண்டதுதான். இதற்கு நான் தர்க்கத்தால் பதில் சொல்லப் போவதில்லை. என் நோட்டுப் புஸ்தகத்தைக் காட்டுகிறேன்.

யானைக்கால்காரர்களுக்கு வருகிற குளிர் காய்ச்சல், அமாவாசை பௌர்ணமிக்கு வரும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. நானும் அப்படியே நம்பி, அந்நாட்களில் பயந்துகொண்டு படுத்திருப்பேன். அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஒரு நோட்டு வாங்கி, காய்ச்சல் வந்த தேதியையும், அதற்கு முந்தின நாலு நாள் காலில் என்ன இருந்தது என்பதையும் எழுதிவந்தேன். காலை வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தால்தானே எழுத முடியும்? அதுவரையில் நான் என் கால் விரலிடுக்கை நன்றாகப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! இரண்டு வருஷத்தில் 11 தடவை காய்ச்சல் வந்தது. அமாவாசையை ஒட்டி வந்தது ஒன்றே ஒன்று. பௌர்ணமிக்கு ஒன்றும் இல்லை. விரலிடுக்கில் வெடிப்போ, சேற்றுப்புண்ணோ, முள் குத்தினதோ இருந்தது 9 தடவை.

இதை அந்த டாக்டரம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, இதையே பிரேசிலில் ரெசிஃபே என்ற ஊரில் டிரேயர் என்ற டாக்டரம்மாளும் அவரது கூட்டத்தாரும் 1990-களிலேயே விவரமாகக் கண்டு சொல்லியிருக்கிறார்கள் என்றார். காய்ச்சலைக் கொண்டு வருவது பெரும்பாலும் புழு அல்ல. வெடிப்பு வழியாக உள்ளே போகிற சாதாரணக் கிருமிகள். வடிகால் இல்லாத காலில் அவைகளை எதிர்க்கச் சக்தி குறைவு. ஒவ்வொரு காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் பெருக்க வைக்கிறது. ஆகவே வெடிப்பை அடைத்தால் காய்ச்சல் குறையும், காய்ச்சல் குறைந்தால் கால் மேலும் பெருக்காது. அந்த ரெசிஃபே ஊரில் நோயாளிகளே கூடி, ஒருவர் காலை ஒருவர் பார்த்து, கழுவுகிற முறையைக் கற்றுக்கொள்கிற சங்கங்கள் வைத்தார்களாம்.

முறை ஒன்றும் பிரமாதமில்லை. தினம் ஒருமுறை, முடிந்தால் இருமுறை, நல்ல தண்ணீரும் சாதாரண சோப்பும் போட்டு, மடிப்பு மடிப்பாகவும் விரல் விரலாகவும் கழுவவேண்டும். தேய்க்கக்கூடாது. வெந்நீர் சுடச்சுட ஊற்றக்கூடாது. பிறகு மெல்லிய துணியால் ஒற்றி, விரலிடுக்கில் ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். இதில்தான் பத்தில் ஒன்பது பேர் தவறுகிறோம். வெடிப்போ புண்ணோ இருந்தால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் களிம்பைப் போட வேண்டும். உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் உயர்த்தி வைக்கவேண்டும். கட்டிலில் படுக்கிறவர்கள் கால்பக்கத்துக் கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்துக்கொள்ளலாம். கணுக்காலை மேலும் கீழுமாக அசைத்து வரவேண்டும். வெளியே போனால் செருப்பு. காய்ச்சல் வந்துவிட்டால் அசைப்பதெல்லாம் கூடாது. படுத்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீர்த் துணி போட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, தாமதிக்காமல் டாக்டரிடம் போகவேண்டும். எவனையும் கீற விடாதீர்கள், என் தழும்பைப் பார்த்தாவது.

இவ்விதம் செய்து வந்ததில், வருஷத்துக்கு ஐந்தாறு காய்ச்சல் வந்துகொண்டிருந்த எனக்கு, இப்போது ஒன்று வந்தால் அதிகம். கால் சிறுத்துவிட்டதா? இல்லை. சுற்றளவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் வேலைக்குப் போகாமல் கிடந்த நாட்கள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. தலையெழுத்து என்று ஒப்புக்கொண்டிருந்தவரை நான் இந்தக் காலைத் தொட்டதே இல்லை. கால் இதுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகு தினம் இருபது நிமிஷம் இதைக் கழுவுகிறேன். இரண்டும் ஒன்றுதான் என்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறேன்.

செருப்பு என்றேனே, அதையும் சொல்லவேண்டும். கடையில் விற்கும் செருப்பு ஒன்றும் எனக்குச் சேராது. பழைய டயரில் வார் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அதுவே புண்ணாக்கும். கடைசியில் கடைத்தெருவில் மரத்தடியில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் ஒரு தோழரிடம் போனேன். அவர் ஒரு காகிதத்தைக் கீழே போட்டு, என் காலைத் தம் இரு கையாலும் எடுத்து அதன் மேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டார். பொதி வண்டியைப் பார்ப்பதுபோல இப்படி அப்படித் திருப்பிப் பார்த்து, "வாரைக் குறுக்கே வைக்கக்கூடாது, பின்னால் பட்டை கொடுத்துவிடலாம், உள்ளே மெத்தென்று ரப்பர் வைக்கிறேன்" என்றார். என் காலைப் பார்த்து முகத்தில் இரக்கமோ அருவருப்போ காட்டாமல், இதற்கு என்ன செய்யலாம் என்று மாத்திரம் யோசித்த முதல் மனிதர் அவர்தான். அவரைத் தொட்டால் தீட்டு என்று சொல்லுகிற ஊரில், என் காலைத் தொட அவர் யோசிக்கவில்லை.

பெரியார் அவர்கள் கடைசி வருஷங்களில் மூத்திரம் இறங்கக் குழாய் வைத்துக்கொண்டே ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் நடந்த அவருடைய கடைசிக் கூட்டத்தில், நடு நடுவே வலியால் முனகிக்கொண்டே பேசினார். 24-ந் தேதி வேலூரில் முடிவெய்தினார். அந்தப் பேச்சைப் படித்தவர்கள் அதிலுள்ள வாதத்தைத்தான் சொல்லுவார்கள். எனக்கோ, வலியை ஆயிரம் பேர் கேட்கும்படி விட்டுவிட்டு மேலே பேசிக்கொண்டு போன அந்தத் துணிச்சல்தான் நினைவுக்கு வருகிறது. மேஜைக்குப் பின்னால் நின்ற என்னை நினைத்துக்கொள்ளும்போது கூடவே அதுவும் வரும்.

இனி இரண்டொரு விஷயம் சுருக்கமாக. ஆண்களில் சிலருக்கு இதே புழுவால் காலுக்குப் பதில் விரை வீங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கால் வீங்கினவர்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல், விரை வீங்கிய ஆண்கள் இரண்டரைக் கோடி. இதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வேட்டிக்குள் சுமந்துகொண்டு சாகிறார்கள். இது காலைப் போல அல்ல. இதற்கு ஆபரேஷன் உண்டு, சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள், பெரும்பாலும் குணமாகும். தீராததைத் தீரும் என்று நம்பி நான் அலைந்தேன். தீரக்கூடியதை வெட்கத்தால் நீங்கள் சுமக்க வேண்டுமா?

பெண்களுக்கு இது வந்தால் கேட்கவே வேண்டாம். கல்யாணப் பேச்சில் காலைப் பார்க்க வருகிறார்கள். வந்த பிறகு கால் பெருத்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தோழர்களே, ஆணுக்கு வந்த காலை மனைவி கழுவுகிறாள். மனைவிக்கு வந்த காலைக் கழுவிய புருஷன் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லப் போவதில்லை, பயப்படவேண்டாம்.

மாத்திரையைப் பற்றி: 1990-களின் பின்பாதியிலிருந்து தமிழ்நாட்டில் பல ஜில்லாக்களில் வருஷத்துக்கொருமுறை எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். 2004 முதல் நாடு முழுவதும் நோயுள்ள ஜில்லாக்களில் கொடுக்கலானார்கள். மூன்று மருந்தாகச் சேர்த்துக் கொடுக்கும் முறையை 2017-ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்தது. "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் விழுங்கவேண்டும்?" என்று மாத்திரையை வாங்கி மாட்டுத் தொட்டியில் போட்டவர்களை நான் அறிவேன். ரத்தத்தில் புழு இருப்பது வெளியில் தெரியாது. எனக்கும் 17 வயது வரை ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது. சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் தவிர மற்றவர்கள் விழுங்கினால்தான் ஊரில் புழு அறும். இலங்கையில் அப்படி விடாமல் செய்து, 2016-ல் இந்த நோய் பொதுஜனப் பிரச்சினையாக இல்லாதபடி ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தாட்சி வாங்கினார்கள். பிரேசிலும் 2024-ல் வாங்கிவிட்டது. அங்கேயும் ஏற்கனவே கால் வீங்கினவர்கள் வீங்கின காலோடுதான் இருக்கிறார்கள். புதிதாகப் பிள்ளைகளுக்கு வருவது மிகவும் குறைந்துவிட்டது, அதுவே அவர்களுக்கு லாபம்.

நேரமாகிவிட்டது. தலைவர் மணியைப் பார்க்கிறார். பந்தலுக்குப் பின்னால் இரண்டு அண்டாவில் தண்ணீரும், பேசின்களும், சோப்பும், வெள்ளைத் துணியும் வைத்திருக்கிறோம். முதலில் நான் என் காலைக் கழுவிக் காட்டுகிறேன். பிறகு யாருக்கு இஷ்டமோ அவர்கள் உட்காரலாம். கால் நன்றாக இருப்பவர்களும் வரலாம், தண்ணீர் ஊற்ற ஆள் தேவை. தாய்மார்களுக்குப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தனியாக ஏற்பாடு செய்திருக்கிறது. அங்கே நர்ஸ் அம்மாள் இருக்கிறார்கள். விளக்கு நன்றாக எரிகிறதா என்று தோழர்கள் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்தால், நான் இறங்கிவிடுகிறேன்.